மூடியைத் திறக்கச் சொன்னவன் நான்

2023 டிசம்பர் 6-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்திருந்த நேரத்தில், எங்கள் அடுக்ககத்தின் செப்டிக் டேங்கில் ஒரு மனிதரை இறக்கினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் ஆளை வரவழைத்தது நான். கூலி பேசியது நான். மூடியைத் திறக்கச் சொன்னதும், மேலே நின்று டார்ச் அடித்ததும் நான்தான். அவர் உயிரோடு மேலே வந்தார். அதற்கு நான் செய்த காரியம் எதுவும் காரணம் இல்லை. பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் ஒருவரை இப்படி இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றைக்கே இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

இதை வெள்ளத்திலிருந்து தொடங்கினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். 2019 கோடையிலிருந்து தொடங்க வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிக்கக் கொடுக்கும் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த வருஷம். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகனில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். லாரித் தண்ணீருக்குப் பதிவு செய்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நான் ஒரு தீர்மானத்துக்கு வந்தேன்: என் வீடு இனி எந்த நாளும் தண்ணீர் இல்லாமல் நிற்காது.

தீர்மானத்தைக் காப்பாற்றவும் செய்தேன். மூன்றாவது மாடியில் எங்கள் பால்கனியில் இருநூறு லிட்டர் நீல டிரம்கள் வந்தன. குடிக்க மட்டும் இருபது லிட்டர் கேன்கள் தனியாக, வாங்கிய தேதி எழுதி வரிசையாக இருக்கும். பழையதை எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை வைப்போம். பேரிடர்க் காலத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தது பதினைந்து லிட்டராவது வேண்டும் என்பது நிவாரணப் பணியாளர்கள் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேலேயே இருப்பு வைத்தேன். அரை கிராம் குளோரின் மாத்திரை ஒன்று இருபது லிட்டருக்குப் போதும், போட்டு அரை மணி நேரம் விட்ட பிறகுதான் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சங்கத்தில் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். நானும் மகிழ்ச்சியோடு சொல்வேன். வீட்டுக்குள் வரும் தண்ணீரைப் பற்றி நான் அவ்வளவு யோசித்திருந்தேன். வீட்டைவிட்டு வெளியே போகும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, அந்த வழி அடைத்துக்கொண்டால் அது யார் வீட்டில் போய் நிற்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இல்லை, இதையும் திருத்திச் சொல்ல வேண்டும். யோசித்திருக்கிறேன். யோசித்து, தப்பான முடிவை எடுத்திருக்கிறேன்.

வேளச்சேரிக்குத் தெற்கே, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை நோக்கிச் சரியும் தாழ்வான பகுதியில் எங்கள் கட்டடம் இருக்கிறது. கட்டும்போது தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது, அதனால் செப்டிக் டேங்க் வைத்தார்கள். பிற்பாடு தெருவுக்கு இணைப்பு வந்தது. அப்போது செப்டிக் டேங்கைக் காலி செய்து, மண் கொட்டி மூடிவிட்டு, சேம்பர்களிலிருந்து நேராகத் தெரு மேன்ஹோலுக்குக் குழாய் போட்டிருக்க வேண்டும். செலவு அதிகம் என்று டேங்கின் வெளிக்குழாயை மட்டும் தெருவோடு இணைத்துவிட்டு இருந்துவிட்டோம். அந்த முடிவு எடுத்தபோது நான் செயலாளர் இல்லை, கையைத் தூக்கியவர்களில் ஒருவன்.

அடுத்தது முழுக்க என்னுடையது. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. எங்களிடமும் ஒரு குழி உண்டு. கூழாங்கல்லும் மணலும் போட்ட குழி. வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி பிறப்பதற்குள், மேல் மணலை வாரி அலசிப் போட்டால்தான் அது தண்ணீரை உள்ளே இழுக்கும். 2019 தவிப்பில் ஒரு முறை சுத்தம் செய்தோம். அதற்குப் பிறகு செய்யவில்லை. 2021 நவம்பர் மழையில் குழி நிரம்பி, கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. வந்த பிளம்பர், "மாடிக் குழாயை சேம்பர்ல விட்டுட்டா ஒரு மணி நேரத்துல வடிஞ்சிரும் சார்" என்றார். செய்யக் கூடாதது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக் கழிவை மட்டும் சுமக்கும் அளவுக்கே தெருவின் கழிவுநீர்க் குழாய் போடப்பட்டிருக்கிறது. ஆயிரம் மொட்டை மாடிகளின் மழையை அதில் விட்டால் அது தாங்காது. நிறைந்து, பள்ளத்தில் இருக்கும் வீட்டின் வழியாக மேலே வரும். குடிநீர் வாரியம் ஒவ்வொரு மழைக்கும் முன்னால் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் பிளம்பரிடம் "சரி, செஞ்சிடுங்க" என்றேன்.

2023 டிசம்பர் 4 அன்று என்ன நடந்தது என்பதைச் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போயிற்று, தெரு ஏரியாயிற்று. ஆனால் எங்கள் கீழ்வீட்டுக்குள் முதலில் வந்தது தெருத் தண்ணீர் இல்லை. வாசற்படிக்குத் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அந்த வீட்டுக் கழிப்பறைக் கோப்பை நிறைந்து வழியத் தொடங்கியிருந்தது. குளியலறைத் தரைச் சல்லடை வழியாகவும் கறுப்பாக ஊறி வந்தது.

கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர் அறுபது கடந்த ஒரு அக்கா. துணி தைத்துப் பேரனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். தையல் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, முறத்தால் கழிவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது இது: "மேல யாரோ ஊத்துறீங்க தம்பி. ஊத்தும்போதெல்லாம் இங்க பொங்குது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளியே போகும் குழாய் அடைத்திருக்கும்போது, மேல்மாடிகளில் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் அதே குழாயில் இறங்கி, போக இடமில்லாமல், மிகத் தாழ்வாக இருக்கும் திறப்பில் வெளியேறும். எங்கள் கட்டடத்தில் அந்தத் திறப்பு அவர் வீட்டுக் கழிப்பறை. மற்ற மாடிகளில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. தாராளமாக ஊற்றுமளவுக்குத் தண்ணீர் வைத்திருந்தது நான். 2019-இலிருந்து பார்த்துப் பார்த்துச் சேமித்த தண்ணீர் அவர் காலடியில் மலத்தோடு எழும்பிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் சொன்னேன்: "தெருவுல இருந்து எதிர்த்து வருதுக்கா, நாம என்ன பண்ண முடியும்." சொல்லிவிட்டு மேலே போனேன். அன்றைக்கு ராத்திரியும் எங்கள் வீட்டில் வாளி வாளியாக ஊற்றினோம்.

அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டியது கடினமான காரியமே இல்லை. மாடி மாடியாகப் போய்க் கதவைத் தட்டி, யாரும் கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் உறை மாட்டிய மூடியுள்ள வாளி, ஒவ்வொரு தடவையும் மேலே தூவ மரத்தூள் அல்லது சாம்பல்: வீட்டுக்கு ஒன்று இப்படி இருந்தால் இரண்டு மூன்று நாளைத் தள்ளிவிடலாம். கீழ்வீட்டுக் கோப்பையிலும் தரைச் சல்லடை மீதும் பிளாஸ்டிக் பையில் மணலை இறுக்கிக் கட்டி அழுத்தி வைத்திருந்தால் வரத்து பெருமளவு குறைந்திருக்கும். அக்காவையும் பேரனையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிப் போயிருக்கலாம், அறை இருந்தது. கழிவுநீரில் நனைந்தபடி நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம், வயிற்றுப்போக்கு வரலாம் என்பதும் எனக்குத் தெரியாத செய்தி இல்லை.

இரண்டு நாளில் தெருத் தண்ணீர் இறங்கியது. கீழ்வீட்டில் மட்டும் இறங்கவில்லை. அப்போதுதான் அடைப்பு தெருவில் இல்லை, எங்கள் டேங்கில் இருக்கிறது என்பது தெரிந்தது. மொட்டை மாடியில் கிடந்த சருகு, பிளாஸ்டிக் உறை, பெயர்ந்த சிமென்ட் துண்டுகள் எல்லாவற்றையும் மாடிக் குழாய் வாரிக்கொண்டு வந்து டேங்கின் வெளிவாயில் சேர்த்திருந்தது. நான் இணைக்கச் சொன்ன குழாய்.

வாரியத்தின் 1916 எண்ணுக்கு அழைத்திருக்கலாம். செப்டிக் டேங்கை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க 14420 என்ற எண்ணும் உண்டு. நகரமே மூழ்கியிருந்த அந்த வாரத்தில் உடனே வந்திருப்பார்களா என்பது வேறு விஷயம். நான் அழைக்கவே இல்லை. வந்து பார்த்தால் மாடிக் குழாய் சேம்பரில் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பார்கள், மூடப்படாத டேங்கையும் கண்டுபிடிப்பார்கள், அபராதம் போடுவார்கள், யார் உத்தரவில் செய்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காக, காவலாளியிடம் "தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா" என்று கேட்டேன். என்ன கேட்கிறேன் என்று அவருக்கும் புரிந்தது. ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கலாம். கையில் மூங்கில் கழிகளும் ஒரு கயிறும். அவர் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்று நான் கேட்கவில்லை. எந்தச் சாதியார் தலையில் இந்த வேலை காலங்காலமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் கேட்டுத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. தெரிந்துதான் கூப்பிட்டேன். முதலில் மேலிருந்தே கழியை விட்டுக் குத்திப் பார்த்தார். நீண்ட நேரம் முயன்றார். கழி ஏதோ ஒன்றில் இடித்து வளைந்ததே தவிர வழி திறக்கவில்லை. நிமிர்ந்து, "எறங்கினாதான் சார் ஆவும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு கணம் போதும். அவரும் அதற்குத்தான் இடம் விட்டது போல நின்றார். "பாத்து எறங்குங்க தம்பி" என்றேன்.

சட்டையைக் கழற்றி மடித்து மதில் மேல் வைத்தார். காலில் எதுவும் இல்லை, முகத்தில் எதுவும் இல்லை. கயிற்றின் ஒரு முனையை கேட்டில் கட்டியிருந்தார், இடுப்பில் கட்டிக்கொள்ளவில்லை. இறங்கவும் ஏறவும் பிடித்துக்கொள்ள மட்டும். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றைவிடக் கனமானது, அதனால் அடியில் தங்கும். செறிவு கூடும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும், அப்போதுதான் ஆபத்து முற்றியிருக்கிறது என்று பொருள். அடியில் உறைந்த சேற்றைக் கலக்கினால் அடைபட்டிருந்த வாயு திடீரென்று வெளிவரும். உள்ளே மயங்கியவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து செத்த செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகையில் வந்துகொண்டே இருக்கின்றன. நான் அவற்றைப் படிக்கிறவன். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டுச் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவன். இப்படிச் சாகிறவர்களின் குடும்பத்துக்கு 2014 தீர்ப்பில் பத்து லட்சமாக இருந்த இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே 2023 அக்டோபரில்தான். அதைப் படித்துவிட்டு, "எவ்வளவு கொடுத்தா என்ன, போன உயிர் வருமா" என்று என் மனைவியிடம் சொல்லி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இவ்வளவும் தெரிந்த ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். மார்பளவு கழிவில் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, குழாய் வாயில் கையைவிட்டு அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க மேலே அண்ணாந்தார். டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்ததும், "அப்டி திருப்பு சார்" என்றார். வழி திறந்தபோது ஒரு பெரிய உறிஞ்சும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டில் அக்கா "போவுது, போவுது" என்று கத்தினார். எனக்கு அந்தச் சமயத்தில் நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை.

மேலே வந்தவர் மதிலோரம் குந்தி இரண்டு முறை வாந்தி எடுத்தார். பிறகு கழுவிக்கொள்ளத் தண்ணீர் கேட்டார். எங்கள் சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருப்பது. அதில் கழிவுநீர் கலந்துவிட்டிருந்தது. நல்ல தண்ணீர் இருந்தது என் வீட்டு டிரம்களில்தான். மேலே போய் ஒரு வாளி கொண்டுவந்தேன். அவர் தலையிலிருந்து ஊற்றிக்கொண்டார், பாதி உடம்புக்குக்கூடப் போதவில்லை. "இன்னொரு வாளி கெடைக்குமா சார்" என்றார். மின்சாரம் எப்போது வருமோ, லாரி எப்போது வருமோ என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. "இவ்வளவுதாங்க இருக்கு" என்றேன். என் பால்கனியில் முழு டிரம் இருந்தது. அவர் மறுபேச்சுப் பேசாமல் மீதிக் கழிவின் மேலேயே சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். பேசியதைவிடக் கூடுதலாகப் பணம் கொடுத்தேன். சோப்பு கொடுக்கவில்லை.

இறக்கியதைவிட இந்த வாளிதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. இறக்கியதற்குப் பதற்றத்தையும் பயத்தையும் சொல்லலாம். தண்ணீர் இல்லை என்று சொன்னதற்குச் சொல்ல எதுவும் இல்லை.

அடுத்த மாதம் சங்கக் கூட்டத்தில், தெருக் குழாய் எதிர்த்து வந்ததால்தான் கீழ்வீட்டுக்குள் கழிவு புகுந்தது என்று அறிக்கை வாசித்தேன். நிலைமையைச் சமாளித்ததற்காக எனக்கு நன்றி தெரிவித்து நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினார்கள். அந்தக் குறிப்பில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்கா அடுத்து வந்த கோடையிலேயே வீட்டைக் காலி செய்துகொண்டு திண்டிவனத்தில் மகளிடம் போய்விட்டார்.

பிற்பாடு செய்தவற்றையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும் என்பதற்காக. மாடிக் குழாயை சேம்பரிலிருந்து பிரித்துவிட்டோம். சேகரிப்புக் குழியை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் வாருகிறோம். தெருவுக்குப் போகும் குழாயில் ஒரு என்ஆர்வி வால்வு போட்டாயிற்று. தெரு நிறைந்தால் தானே மூடிக்கொள்ளும், ஆனால் மழைக்கு முன் திறந்து குப்பை சிக்கியிருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும். அது மூடியிருக்கும்போது மேலே யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை எல்லா வீட்டுக் கழிப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கிறோம். சம்ப்பின் வாயை இரண்டடி உயர்த்திக் கட்டி ரப்பர் விளிம்புள்ள மூடி போட்டோம். புயல் எச்சரிக்கை வந்தால் மேல்தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டாரின் ஆட்டோமேட்டிக் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். அந்த டிசம்பரில் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, சம்ப்பின் கழிவுநீரை மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டது. இரண்டையும் காலி செய்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைத்து அலசி முடிக்கும்வரை நல்ல தண்ணீரே இல்லை.

டேங்கை மூடும் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. உறிஞ்சும் லாரிக்கும் மண்ணுக்கும் நேர் குழாய்க்கும் ஆகும் செலவில் பங்கு தர இரண்டு வீட்டார் மறுத்தார்கள். அவர்களை ஒப்புக்கொள்ள வைக்க ஒரே வழி, அன்றைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று முழுதாகச் சொல்வது. போன கூட்டத்தில் சொன்னேன். பழைய அறிக்கை பொய் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், செயலாளர் பொறுப்பிலிருந்தும் விலகினேன். டேங்க் இப்போது காலியாகி, மண் நிரப்பும் வேலை நடக்கிறது.

இறங்கியவரைக் காவலாளி மூலம் விசாரித்துப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொன்னதைச் சொன்னேன். அவருக்கு அது நினைவில் இல்லை. டார்ச் அடித்தது நினைவில் இருந்தது. "நீயாவது நின்ன சார். மத்த எடத்துல தொறந்து வுட்டுட்டு மூக்கப் பொத்தினு உள்ள பூடுவாங்க" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் இப்போதும் அதே வேலைக்குத்தான் போகிறார். மழைக்காலத்தில் அழைப்பு அதிகம் என்றார்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்தபோது, கழிவு ஊறிப்போன சுவரையும் கதவையும் சரிசெய்த செலவு என்று அவர் கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எவ்வளவு என்று விசாரித்து, அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போகிறேன். இது அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.